ஏரிக்கரை தெரிந்த தட்டு

பாண்டிச்சேரியில் பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்த ஒரு அம்மா போனில், "உங்க ஊர்ல மலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "எங்க வீட்டு மாடியிலேருந்தே தெரியும் மேடம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நெய்வேலியில் ஏது மலை? வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் சொன்னது மண்மேட்டை. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைச் சுரங்கத்தில் வெட்டி, பெல்ட்டில் ஓட்டிவந்து, ஒரே இடத்தில் வருஷக்கணக்காகக் கொட்டி உயர்ந்த மேடு. பிற்பாடு அதில் மரம் வைத்தார்கள், மயில்கூட வந்தது. எங்கள் ஊரில் அப்படி இரண்டு மூன்று உண்டு. டவுன்ஷிப்பில் பிறந்த எங்களுக்கு மலை என்றால் அதுதான். பள்ளிக்கூடத்தில் மலை வரையச் சொன்னால் உச்சியைக் கத்தியால் சீவினது போலச் சப்பையாக வரைவோம். ஊட்டிப் பக்கத்திலிருந்து வந்த ட்ராயிங் டீச்சர் ஒரு வகுப்பு முழுக்க எங்கள் நோட்டுகளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எல்லாரும் மேஜையை வரைஞ்சு வெச்சிருக்கீங்க?" என்றார். எங்களுக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை.

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் தெரியும் மேடு, நான் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்தே என் கண் முன்னால் வளர்ந்தது. அதைக் கொட்டியவர்களில் என் அப்பா ஒருவர். ஸ்ப்ரெட்டர் ஆபரேட்டர். ஸ்ப்ரெட்டர் என்றால் பெல்ட்டின் கடைசியில் நிற்கும் ராட்சத இயந்திரம். நீண்ட கையை நீட்டி, வரும் மண்ணை வீசிக் கொட்டிக்கொண்டே இருக்கும். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்தவர். மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்த்தே ஆயுசைக் கழித்தவர். நான் பார்த்த அப்பா பாதி நாள் தூங்கிக்கொண்டிருக்கும் அப்பாதான். பகலில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது, குக்கர்கூட வைக்கக்கூடாது.

கடைக்கார அம்மாவுக்கு வேண்டியது எட்டு பெரிய தட்டுகள். இயற்கையான நிலத்தின் ஏற்ற இறக்கம் தட்டின் உள்பக்கத்தில் வரவேண்டும், அதைக் கையால் குத்துமதிப்பாகச் செய்யாமல் கம்ப்யூட்டரில் அளவெடுத்துச் செய்யவேண்டும். விருத்தாசலத்தில் பீங்கான் டிப்ளமா முடித்துவிட்டு அகல் விளக்கும் பொம்மையும் வார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய வாய்ப்பு. லேப்டாப் இருந்தது. பூமியின் உயரக் கணக்கை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று யூட்யூபில் பார்த்து வைத்திருந்தேன். மீதிக்கு அசட்டுத் தைரியம் இருந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணுக்கு லேசர் வைத்து வைத்து இழுத்துக்கொண்டிருந்தோம். கடைசி இரண்டு வருஷமும் இயந்திரத்தில் ஏற்றாமல் லைட் டூட்டி கொடுத்திருந்தார்கள். ரிட்டையர் ஆக ஆறு மாதம் இருந்தது. "இருக்கிற பார்வை எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு அம்மா அழுதாள். அப்பா பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தார்.

நான் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்திருந்த அன்றைக்கு அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னட்டி செய்யுத?"

சொன்னேன். நம்ம மேட்டைத் தட்டில் கொண்டுவரப் போகிறேன் என்று.

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு, "எனக்கும் ஒண்ணு செஞ்சு தா. முப்பது வருசம் மண்ணுதான் கொட்டுனேன். இந்த வேலையில நான் செஞ்சதுன்னு கையில எடுத்துக் காட்ட ஒண்ணு கிடையாது. கண்ணு இருக்கும்போதே பாத்திருதேன்" என்றார்.

அப்பா என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார். அதற்கும் நான், "செய்யறேன், அவசரப்படுத்தாதீங்க" என்று சிடுசிடுத்தேன். என் புத்தி அப்படி.

லேப்டாப்பில் செயற்கைக்கோள் படம் வந்தது. மேடு பளிச்சென்று தெரிந்தது, பச்சையும் செம்மண்ணுமாக. அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, அந்த இடத்து உயரக் கணக்கைக் கேட்டேன். வந்தது. திரையில் பார்த்தால் தரை கிட்டத்தட்ட சப்பட்டை. ஒரு ஓரமாக மட்டும் லேசாக, நீளமாக, பிறை மாதிரி வளைந்து ஒரு புடைப்பு. எனக்கு எரிச்சல். இவ்வளவு பெரிய மேடு இப்படியா தெரியும்? மென்பொருளில் உயரத்தை மட்டும் இழுத்துக் கூட்ட ஒரு பொத்தான் உண்டு. இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு என்று ஏற்றினேன். பத்து மடங்கு ஏற்றியதும் புடைப்பு நன்றாக எழுந்து நின்றது. ஆகா, இதுதான் என்று முடிவு செய்தேன்.

இதைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறேன். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்திருந்தால் போதும். மேஜை மாதிரி இருக்கிற மேடு எப்படிப் பிறை மாதிரி வளையும்? பதினைந்து வருஷமாகக் கண் முன்னால் நிற்கிறதை விட்டுவிட்டு, திரையில் வந்ததை நம்பினேன். அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன.

கடலூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்த தோழியிடம் த்ரீடி பிரிண்டர் இருந்தது. சின்ன இயந்திரம் என்பதால் வடிவத்தை நாலு துண்டாக அச்சடித்து ஒட்டினோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தேன். அச்சு காய ஒரு வாரம். அதன்மேல் களிமண் பாளத்தை அழுத்தி எடுத்தால் தட்டு. மண் காய்ந்து, சூளையில் வெந்து, பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். அதற்குத் தகுந்த மாதிரி முன்கூட்டியே பெரிதாகச் செய்யவேண்டும். அதையெல்லாம் ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். சின்ன விஷயத்தில் நான் கெட்டிக்காரி.

முதல் மூன்று தட்டு காயும்போதே விரிசல் விட்டன. நாலாவதை மடியில் வைத்துக்கொண்டு விருத்தாசலம் பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டு ஆள் "இன்னா மா அது, கொயந்த மாரி வெச்சிக்கினு கீற?" என்று கேட்டார். வாடகைச் சூளையில் வைத்து ஒருமுறை சுட்டு, மேலே பச்சைக் கண்ணாடிப் பூச்சு பூசி, மறுபடியும் சுட்டேன். அந்தப் பூச்சு சூட்டில் உருகி ஓடும். மேட்டில் மெலிந்து, பள்ளத்தில் போய்த் தேங்கும். சூளையைத் திறந்தபோது பிறையின் உள்வளைவில் பச்சை ஆழமாகத் தேங்கி நின்றது. அழகாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது, அவ்வளவு அழகாக அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் எதையும் செய்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் கையில் கொடுத்தேன். காலை வேளை. அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தட்டைச் சாய்த்து, வலது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆட்காட்டி விரலைப் புடைப்பின்மேல் வைத்து மெதுவாக ஓட்டினார். ஒரு இடத்தில் புடைப்பு கொஞ்சம் தாழ்ந்து மறுபடி ஏறும். விரல் அங்கே நின்றது. அங்கேயே இருந்தது.

"எப்படி இருக்குப்பா?"

அவர் விரலை எடுக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பிள்ளை கேக்கால்ல?"

"இது மேடு இல்லட்டி" என்றார் அப்பா. "இது ஏரிக்கரை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னப்பா உளறுறீங்க? மேட்டு மேலதான் கட்டம் போட்டேன். அளவெல்லாம் சரியா இருக்கு."

"மேட்டுக்கு அடியில இருக்க ஏரிக்கரை. இந்தா, இங்கதான் கலிங்கு. தண்ணி நிறைஞ்சா இது வழியாத்தான் வெளிய போகும். இது எப்படி உனக்குத் தெரிஞ்சுது?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தேன். இறக்கிய கோப்போடு ஒரு குறிப்பு இருந்தது, நான் படிக்காமலே விட்ட குறிப்பு. படம் புதிது. உயரக் கணக்கு பழையது, விண்வெளியிலிருந்து என்றைக்கோ அளந்து வைத்தது. அளந்தபோது அந்த இடத்தில் மேடே கிடையாது. நான் பத்து மடங்கு ஏற்றிச் செய்தது அப்பா மண் கொட்டுவதற்கு முன்னால் இருந்த ஊரை.

மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பி வந்தேன். அவரே பேச ஆரம்பித்தார். தட்டின் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் மண் கொட்டத் தொடங்கிய சமயம். ஊர்க்காரர்கள் எல்லாரும் ஏற்கெனவே இடம் மாறிப் போய்விட்டார்கள். ஓடு, மரம், கதவு எல்லாம் பிரித்துக்கொண்டு போய், வெறும் சுவர்கள் நின்றன. அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட். நண்பகலில் ஒரு பெண் ஏரிக்கரை மேல் ஏறி ஓடிவந்து கையை ஆட்டியிருக்கிறாள். அப்பா பெல்ட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். கலிங்குக்குப் பக்கத்தில் இருந்த கடைசி வீடு அவளுடையது. சொந்த நிலம் ஒரு சாண் கிடையாது, அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே வளர்ந்தவள். வீட்டுக்குப் பின்னால் அம்மி பதித்திருந்தது. அதை மட்டும் தூக்க ஆள் கிடைக்காமல் விட்டுப் போயிருந்தாள்.

"'ஐயா, எந்தம்பிய இட்டுக்கினு சாயங்காலம் வந்து எட்துக்கினு பூட்றேன், அதுவரிக்கும் அந்தாண்ட கொட்டுங்கய்யா'ன்னா. சரிம்மா, நான் பாத்துக்கிடுதேன், போயிட்டு வான்னேன். மிசினு கையை அந்தப் பக்கமாத் திருப்பிக் கொட்டுனேன். ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியுது. அடுத்து வர்றவன்கிட்ட சொல்லணும், நோட்டுல ஒரு வரி எழுதணும். ஒரே ஒரு வரி."

அவர் தட்டை மடியில் இறக்கி வைத்தார்.

"எழுதலியா?"

"உனக்கு அன்னைக்கு ஆண்டு விழா. மூணு மணிக்கு. ஷிஃப்ட் பஸ்ஸு கிளம்பிட்டு இருந்துச்சு. ரிலீவர் ஏணியில ஏறுதான், நான் அவனைத் தாண்டி இறங்கி ஓடுதேன். பஸ்ஸுல உக்காந்த பிறவுகூட எனக்கு ஞாபகம் வரல."

மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போனபோது அந்தப் பெண் நின்றிருக்கிறாள். பக்கத்தில் அவள் தம்பி, கையில் கடப்பாரை. வீடும் இல்லை, கலிங்கும் இல்லை. ரிலீவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அவன் நேராகக் கொட்டியிருக்கிறான். அவள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான்யா நம்பிப் போனேன்" என்று சொல்லிவிட்டு நடந்து போனாளாம்.

"அதுக்கு மேல நான் பதினஞ்சு வருசம் கொட்டுனேன்" என்றார் அப்பா.

அந்த ஆண்டு விழா எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான் ஏழாவது. கும்மிப் பாட்டில் ஓரத்தில் நின்று ஆடினேன். எந்தப் பள்ளிக்கூட விழாவுக்கும் வராத அப்பா அன்றைக்குக் காக்கிச் சட்டையோடு, பூட்ஸ் முழுக்க மண்ணோடு, முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். மற்ற அப்பாக்கள் எல்லாம் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள். நான் மேடையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டு ஆடி அடியைத் தப்பவிட்டேன். என் பிள்ளைப்பருவத்தில் அவர் எனக்காக வந்தது அந்த ஒரு தடவைதான். அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். மனசு சரியில்லாத நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன். அன்று காலையோடு அதுவும் போயிற்று. இப்போது நினைத்தால் பூட்ஸில் ஒட்டியிருந்த மண்தான் முதலில் கண்ணுக்கு வருகிறது.

"சரியான அளவு தேடி, மேட்டையே செஞ்சு தர்றேம்ப்பா" என்றேன்.

"வேண்டாம். அடியில இருக்கதே இருக்கட்டும்."

"அப்ப கடைக்கு?"

"கடைக்கு அனுப்பாத."

இங்கே என் கோபம் வந்து நின்றது. மூன்று மாத உழைப்பு. அச்சு தயாராக இருக்கிறது. கடைக்கார அம்மாவுக்குப் படம் அனுப்பியாகிவிட்டது, அவர் குதிக்காத குறை. நான் அப்பாவிடம் ஒன்றும் பேசாமல் மீதித் தட்டுகளைச் செய்து, சுட்டு, வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்பினேன். அப்பாவின் தட்டு மட்டும் வீட்டில் நின்றது. அவர் கேட்கவும் இல்லை. பார்சல் கட்டும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். கண்தான் போய்க்கொண்டிருந்தது, காது நன்றாகத்தான் இருந்தது. யார் யார் வீட்டிலோ அந்தத் தட்டில் இப்போது ஆரஞ்சுப் பழம் வைத்திருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அனுப்பியிருக்க வேண்டாம்.

மழைக்காலம் முடிவதற்குள் வலது கண்ணும் மங்கிவிட்டது. வெளிச்சமா இருட்டா என்று தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். கடைசியாக அவர் ஒழுங்காகப் பார்த்த பொருள் நான் செய்த தட்டு. பெருமையாகப் பார்க்க ஒன்று வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். நான் கொடுத்தது அவர் புதைத்ததை.

ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். வடலூரில் ஒரு வாடகை வீடு பார்த்தோம். முப்பது வருஷத்துச் சாமான் ஒரு மினி லாரியில் அடங்கிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அம்மாவின் அம்மி. ஆடக்கூடாது என்று அப்பாவே எந்தக் காலத்திலோ சிமெண்டு வைத்துப் பதித்தது. மிக்ஸி வந்த பிறகு அதில் பாசி பிடித்துக் கிடந்தது. அதைப் பெயர்த்துத் தருகிறேன் என்ற கொத்தனார் வரவில்லை. போன் செய்தால், "நாளைக்கு காலைல கண்டிப்பா வந்துர்றங்க" என்றார்.

"அது கிடக்கட்டும் விடுங்க. அதை எவன் தூக்கிட்டு வருவான்?" என்றாள் அம்மா.

அப்பா சுவரைத் தடவித் தடவிப் பின்பக்கம் போனார். அம்மியைக் காலால் தேடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "அடுத்து இந்த வீட்டுக்கு வர்றவரு வரட்டும். சொல்லிட்டு வாறேன்" என்றார்.

"அவர் சாயங்காலம்தான் சாவி வாங்க வருவாராம்ப்பா. போன் நம்பர் இருக்கு, சொல்லிக்கலாம்."

"வரட்டும்."

லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும். லாரியை அம்மாவோடு அனுப்பிவிட்டு, நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மடியில் அந்தத் தட்டு, துணியில் சுற்றி. மத்தியானச் சாப்பாடு இல்லை. நாலரை மணி இருக்கும், புது ஆள் வந்தார். சின்ன வயசு, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்.

அப்பா எழுந்து, குரல் வந்த பக்கம் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இந்த அம்மி எங்களுது. நாளைக்குக் காலையில கொத்தனார் வந்து எடுத்துக்கிடுவார். அதுவரைக்கும் இதுமேல மண்ணு கிண்ணு, சாமான் எதுவும் போட்டுராதீங்க. எழுதிக்கிடுங்க."

அவர் சிரித்துவிட்டார், கெட்ட எண்ணத்தில் இல்லை. "ஏனுங்க, இதுக்கா இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தீங்க? போன்ல சொன்னாப் போதாதுங்களா?"

"எழுதிக்கிடுங்க தம்பி."

"சரிங்க, சரிங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே சாவியை வாங்கி உள்ளே போனார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கிட்டாராட்டி?"

"எழுதிக்கிட்டார்ப்பா. நான் பார்த்தேன்."

புது ஆள் எழுதவில்லை. அப்பா தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்து வரும்போது அப்படித்தான் சாய்ந்திருப்பார்.

மறுநாள் காலை அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் முதல் பஸ்ஸைப் பிடித்து நெய்வேலிக்குப் போனேன். புது ஆளின் சாமான்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கொத்தனார் வந்தபோது மணி பத்தரை. அதுவரைக்கும் அம்மியை விட்டு நகராமல் நான் நின்றிருந்தேன்.